மீளும் மாற்றமும் வேதியியல் மாற்றமும்: அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளில் அறிவியல் நடத்தும், வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களுக்கு,



மாற்றத்துக்குப் பிறகும் பொருள் அதே பொருளாக இருந்தால் அது இயற்பியல் மாற்றம். பழைய பொருள் போய் வேறொரு பொருள் வந்துவிட்டால் அது வேதியியல் மாற்றம். வரையறை இவ்வளவுதான். வடிவம், பருமன், நிலை, நிறம் என எதுவும் மாறலாம். அணுக்கள் யாரோடு யார் பிணைந்திருந்தார்களோ அந்த உறவு கலையாதவரை மாற்றம் இயற்பியல் சார்ந்தது. பழைய பிணைப்பு அறுந்து புதிய பிணைப்பு உண்டானால் வேதியியல் சார்ந்தது.

வகுப்பறையில் இந்த வரையறையோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது: மீட்க முடிந்தால் இயற்பியல், மீட்க முடியாவிட்டால் வேதியியல். இரண்டு பத்தி போட்டு, வேறுபடுத்துக என்ற கேள்விக்கு விடை எழுத இது வசதி, திருத்தவும் வசதி. ஆறாம் வகுப்பில் மனத்தில் பதிந்த இந்த வரி கல்லூரி வரை கலையாமல் கூட வருகிறது. ஆனால் அது இரு பக்கமும் தவறுகிறது. மீளும் வேதியியல் மாற்றங்கள் ஏராளம். மீளாத இயற்பியல் மாற்றங்கள் அதைவிட ஏராளம்.

முதலில் சிக்கலில்லாத எடுத்துக்காட்டு. பனிக்கட்டி, தண்ணீர், நீராவி மூன்றிலும் இருப்பது ஒரே மூலக்கூறு: ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். பனிக்கட்டியில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வரிசை கலையாமல் நிற்கின்றன. தண்ணீரில் பிடி தளர்ந்து வழுக்கி நகர்கின்றன. ஆவியில் பிடியே இல்லை. மூலக்கூறுக்கு உள்ளே ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் கட்டிவைத்திருக்கும் பிணைப்பு இந்த மூன்று நிலையிலும் அப்படியே இருக்கிறது. தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் எழும் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று பதில் வருவதுண்டு. உள்ளே இருப்பது நீராவி, அதாவது தண்ணீரேதான்.

ஆற்றல் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டும். 18 கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 6 கிலோஜூல் போதும். அந்த நீர் கொதிநிலையில் ஆவியாக 41 கிலோஜூல் வேண்டும். அதையே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க 286 கிலோஜூல் ஆகும். முதல் இரண்டும் மூலக்கூறுகளுக்கு இடையிலான பிடியைத் தளர்த்தும் செலவு. மூன்றாவது மூலக்கூறையே உடைக்கும் செலவு.

உருகுதலுக்கான அந்தச் செலவை முதலில் அளந்தவர்களில் முக்கியமானவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்துக்கொண்டார். ஒன்றில் உறைநிலையை ஒட்டிய குளிர்ந்த நீர், மற்றொன்றில் அதே எடைப் பனிக்கட்டி. இரண்டையும் ஒரு பெரிய கூடத்தில் வைத்தார். நீர் அரை மணி நேரத்தில் 33-லிருந்து 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏறிவிட்டது. பனிக்கட்டி உருகி அதே 40 டிகிரியை எட்டப் பத்தரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அறையின் வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருந்தும், வெப்பமானி பெரும்பகுதி நேரம் அசையவில்லை. அந்த மறைந்த வெப்பத்துக்குத்தான் உள்ளுறை வெப்பம் என்று பெயர். இதே பிளாக், இதற்குச் சில ஆண்டுகள் முன்பு சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு இன்னொரு சோதனை செய்தார். மாற்றங்களின் இரண்டு வகைக்கும் ஒரே மனிதரின் ஆய்வுகளிலிருந்து எடுத்துக்காட்டு கிடைப்பது ஆசிரியருக்கு நல்ல வாய்ப்பு. அந்தச் சோதனைக்கு வருமுன், சுண்ணாம்பு இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். அது சுவர்.

மண்சுவர், சிமெண்ட் சுவர், சுண்ணாம்புச் சுவர் மூன்றும் ஈரமாக வைக்கப்பட்டுப் பின் இறுகுகின்றன. பார்வைக்கு ஒரே நிகழ்ச்சிதான். மூன்றுக்கும் மக்கள் சொல்லும் வார்த்தையும் 'காய்ந்துவிட்டது' என்பதே. உள்ளே நடப்பது மூன்றும் வேறு வேறு.

மண்சுவர் உண்மையாகவே காய்கிறது. களிமண் துகள்களுக்கு இடையில் இருந்த நீர் ஆவியாகிப் போக, துகள்கள் நெருங்கி இறுகுகின்றன. நான்கு நாள் அடைமழை பெய்தால் மறுபடி சேறு. இது இயற்பியல் மாற்றம். அறுத்து வெயிலில் அடுக்கிய பச்சைச் செங்கல்லும் இதே கதைதான். மழை பிடித்துக்கொண்டால் செங்கல் அறுப்பவரின் உழைப்பு களத்திலேயே கரைந்துபோகும். அதே கல்லைச் சூளையில் அடுக்கித் தீ மூட்டினால் நிலைமை மாறிவிடுகிறது. 500, 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது களிமண் தாதுவின் கட்டமைப்புக்குள் ஹைட்ராக்சில் தொகுதிகளாகப் பிணைந்திருந்த பகுதி நீராகப் பிரிந்து வெளியேறுகிறது. பழைய படிக அமைப்பு குலைகிறது. சூடு மேலும் ஏற, துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டுகின்றன. சூளையிலிருந்து வந்த கல் மழையில் எத்தனை நாள் கிடந்தாலும் களிமண்ணாகாது. கீழடியில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட செங்கல் கட்டுமானம் மண்ணுக்கடியில் உருக்குலையாமல் கிடைத்ததற்கு இந்த வேதியியல் மாற்றமே காரணம். ஆக, ஒரே கல்லில் வெயில் செய்த வேலை ஒரு வகை, தீ செய்த வேலை இன்னொரு வகை. இரண்டும் வெப்பத்தின் வேலைதான் என்பதையும் கவனிக்க வேண்டும். சூடு பட்டதா என்ற கேள்வி எதையும் தீர்மானிப்பதில்லை.

சிமெண்ட் காய்வதே இல்லை. கொத்தனார் அதைக் காய விடுவதும் இல்லை. தளம் போட்ட மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார். தூணுக்குச் சாக்கு சுற்றி நனைக்கிறார். சிமெண்டில் உள்ள கால்சியம் சிலிக்கேட்டுகள் தண்ணீரோடு வினைபுரிந்து புதிய சேர்மங்களாகி, மணலையும் ஜல்லியையும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. இங்கே தண்ணீர் வெளியே போக வேண்டியதல்ல, உள்ளே சேர வேண்டியது. அதனால்தான் கான்கிரீட் தண்ணீருக்கு அடியிலும் இறுகும், பாலத்தின் அடித்தூணை ஆற்றுக்குள்ளேயே எழுப்ப முடிகிறது. வெயிலில் விட்டு உலர்த்திய தளம் வெடித்துப் பலமிழக்கிறது. கான்கிரீட்டின் பலத்தை 28 நாள் கழித்துச் சோதிப்பது வழக்கமாக இருப்பதும் வினை மெல்ல நடப்பதால்தான்.

சுண்ணாம்பு இந்த இரண்டிலும் சேராது. அது வெளிக்காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. இதை முதலிலிருந்து பார்ப்பதே நல்லது.

சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். காளவாயில் கரியோடு அடுக்கிச் சுடும்போது, 900 டிகிரி அளவில் அது கால்சியம் ஆக்சைடாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. 100 கிராம் தூய கார்பனேட் சுட்டால் 56 கிராம் ஆக்சைடு மிஞ்சும். 44 கிராம் வாயு காற்றில் போய்விடும். காளவாய்க்குள் போன கிளிஞ்சலும் வெளியே வரும் கிளிஞ்சலும் உருவத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால்தான் எடை குறைந்திருப்பது தெரியும். கண்ணுக்கு ஒன்றும் நடக்காதது போலிருக்கும் இடத்தில் பொருளே மாறிவிட்டது.

மாறியது என்பதற்குச் சான்று தண்ணீர் தெளித்தவுடன் கிடைக்கும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டதும் சுர்ரென்று ஆவி கிளம்புகிறது. கிளிஞ்சல் விரிந்து, வெடித்து, மாவாக உதிர்கிறது. அடுப்பே இல்லாமல் பானை கொதிக்கும். 56 கிராம் ஆக்சைடு 18 கிராம் நீரை எடுத்துக்கொண்டு 74 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகும்போது 65 கிலோஜூல் அளவு வெப்பம் வெளிவருகிறது. நீற்றுதல் என்று இதற்குப் பெயர். சுடாத கிளிஞ்சலின் மேல் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இப்படி எதுவும் நடக்காது.

நீற்றிய சுண்ணாம்பைக் குழைத்துச் சுவரில் பூசியதும் முதலில் ஈரம் கொஞ்சம் போகிறது. அதற்குப் பிறகு நடப்பதே உண்மையான இறுகல். காற்றில் பத்தாயிரத்தில் நான்கு பங்கு அளவே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு, பூச்சின் நுண்துளைகள் வழியே உள்ளே புகுந்து, ஹைட்ராக்சைடை மறுபடி கார்பனேட் ஆக்குகிறது. 74 கிராம் ஹைட்ராக்சைடு 44 கிராம் வாயுவை எடுத்துக்கொண்டு, 18 கிராம் நீரை விட்டுவிட்டு, 100 கிராம் கார்பனேட் ஆகிறது. புறப்பட்ட இடத்துக்கே வந்தாயிற்று, ஒரு கிராம்கூடக் குறையாமல். வெளிப்பரப்பில் தொடங்கி உள்ளே போகப் போக இது மாதக்கணக்கில், தடித்த சுவரில் ஆண்டுக்கணக்கில் நடக்கும். செட்டிநாட்டு வீடுகளின் பழைய சுவர்ப்பூச்சு வழவழவென்று கல்போல் நிற்பதில் கடுக்காய், முட்டை வெண்கரு போன்ற சேர்மானங்களுக்கும் மெருகேற்றிய கைக்கும் பங்குண்டு. அடிப்படை வேலையைச் செய்தது காற்றில் இருந்த அந்த வாயுதான்.

இதை வகுப்பறையில் காட்ட ஆய்வகம் தேவையில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவின் விளிம்பில், மூடி சரியாகப் பொருந்தாத இடத்தில், வெள்ளைப் பொருக்கு ஒன்று படிந்திருக்கும். காய்ந்துபோன சுண்ணாம்பு என்று அதைச் சுரண்டி எறிந்துவிடுவார்கள். காய்ந்தது மட்டுமாக இருந்தால் தண்ணீர் விட்டுக் குழைத்ததும் பழையபடி ஆகியிருக்க வேண்டும், ஆவதில்லை. அந்தப் பொருக்கின் மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் நுரைத்துக் குமிழி வரும். டப்பாவின் நடுவிலிருந்து எடுத்த புதுச் சுண்ணாம்பில் அதே சாறு விட்டால் அப்படிக் குமிழி வராது. ஒரே டப்பாவில் இரண்டு பொருள்கள்: நடுவில் ஹைட்ராக்சைடு, விளிம்பில் கார்பனேட். புதுச் சுண்ணாம்பு அளவு மீறினால் நாக்கு வெந்துவிடும். பொருக்கு அப்படிச் சுடாது.

இனி பிளாக்கின் சோதனை. சுட்ட சுண்ணாம்பு ஏன் சுடுகிறது என்ற கேள்விக்கு அக்காலத்தில் ஒரு விடை இருந்தது: காளவாயின் நெருப்பிலிருந்து ஏதோ ஒன்று சுண்ணாம்புக்குள் புகுந்துகொள்கிறது, அந்த நெருப்பே நாக்கைச் சுடுகிறது என்பது அது. கேட்க நியாயமாகவே இருக்கும். எடின்பரோவில் மருத்துவப் பட்டத்துக்காக 1754-ல் எழுதி, 1756-ல் விரிவாக வெளியிட்ட ஆய்வில் பிளாக் தராசை எடுத்தார். சுண்ணாம்பு சூளையில் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை, இழக்கிறது என்பது தெரிந்தது. இழந்தது ஒரு வாயு. பிறகு, சாதுவான காரம் ஒன்றின் கரைசலில் சுட்ட சுண்ணாம்பைப் போட்டார். அந்த வாயு காரத்திலிருந்து சுண்ணாம்புக்கு மாறியது, ஏறத்தாழ தொடக்கத்தில் இருந்த எடைக்கே சுண்ணாம்புத்தூள் திரும்பக் கிடைத்தது. அந்த வாயுவுக்கு அவர் வைத்த பெயர் 'நிலைத்த காற்று'. இன்றைய பெயர் கார்பன் டை ஆக்சைடு. தெளிந்த சுண்ணாம்பு நீரில் உறிஞ்சுகுழல் வைத்து ஊதினால் பால்போல் வெளுக்கும் பள்ளிச் சோதனை இதன் வழிவந்ததே.

ஆகவே சுண்ணாம்பு மூன்று வேதியியல் மாற்றங்களைக் கடந்து பழைய நிலைக்கு மீள்கிறது. மீட்க முடிந்தால் இயற்பியல் என்ற விதி இங்கேயே விழுந்துவிட்டது. இது தனித்த விதிவிலக்கும் இல்லை. தோட்டக்காரர்கள் பூஞ்சைக்குப் பயன்படுத்தும் மயில்துத்தத்தைச் சோதனைக்குழாயில் சூடாக்கினால் நீலம் வெளிறி வெள்ளைத் தூளாகும். குழாயின் வாயருகே நீர்த்துளிகள் கோக்கும். ஆறவைத்துத் தண்ணீர் சொட்டினால் நீலம் உடனே திரும்பிவிடும். 250 கிராம் படிகத்தில் 90 கிராம் நீர்தான். அந்த நீர் தாமிர அயனியைச் சுற்றிப் பிணைந்திருக்கும்வரைதான் நீலம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாவது இன்னொன்று. மஞ்சளில் உள்ள குர்க்குமின் மூலக்கூறிலிருந்து சுண்ணாம்பு ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பறித்துக்கொள்கிறது. எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அயனி திரும்பக் கிடைத்து மஞ்சளாகிவிடும். லவாய்சியே பாதரசத்தைப் பன்னிரண்டு நாள் விடாமல் சூடாக்கி மேலே செந்நிறத் தூள் படிய வைத்தார். பின் அந்தத் தூளைத் தனியே எடுத்து இன்னும் கடுமையாகச் சூடாக்கி, பாதரசத்தையும் அது எடுத்துக்கொண்ட வாயுவையும் திரும்பப் பெற்றார். அந்த வாயுவே ஆக்சிஜன். நவீன வேதியியல் நிலைபெறக் காரணமான சோதனைகளில் ஒன்று மீளும் மாற்றம் என்பதை மாணவருக்குச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் ஈய அமில பேட்டரி, 1859-ல் காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த காலம் முதல் இதைத்தான் செய்துவருகிறது: மின்சாரம் போனதும் தகடுகள் ஈய சல்பேட் ஆகின்றன, வந்ததும் பழையபடி ஈயமும் ஈய டை ஆக்சைடும் ஆகின்றன.

மறுபக்கம் அதிகம் விளக்க வேண்டாம். உடைந்த பானை, அறுத்த மரம், அரைத்த மாவு, கிழித்த தாள் எல்லாம் இயற்பியல் மாற்றங்கள். ஒன்றையும் மீட்க முடியாது. அரிசி மாவை மறுபடி அரிசியாக்கியவர் யாரும் இல்லை. ஆனால் மாவில் இருக்கும் ஸ்டார்ச்சு அரிசியில் இருந்த அதே ஸ்டார்ச்சுதான்.

மீள்தலுக்கு அடுத்தபடியாக மாணவர்கள் நம்புவது அடையாளப் பட்டியலை: நிறம் மாறுதல், வாயு வெளிவருதல், வெப்பம் உண்டாதல், வீழ்படிவு தோன்றுதல். இவை துப்புகள், துப்பைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளைத் துத்தநாக ஆக்சைடைச் சூடாக்கினால் மஞ்சளாகி, ஆறினால் வெளுக்கும், பொருள் அதேதான். சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்கும் வாயு பெரும்பாலும் ஏற்கெனவே கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு. வயலில் தெளிக்க யூரியாவைக் கரைக்கும் விவசாயியின் கைக்கு வாளி சில்லென்றிருக்கும். யூரியா மூலக்கூறு ஒன்றும் மாறவில்லை, படிகத்தைக் கலைக்கத் தேவையான வெப்பத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டது. பழைய குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை ஒளியும் வெப்பமும் தந்துகொண்டு டங்ஸ்டனாகவே இருந்தது. ஆற்றலின் அளவும் உறுதியான அளவுகோல் ஆகாது. டங்ஸ்டனை ஆவியாக்க, நீரைத் தனிமங்களாகப் பிரிப்பதைவிட அதிக ஆற்றல் வேண்டும், முன்னது இயற்பியல் மாற்றமாக இருந்தும்.

அடையாளங்கள் ஏமாற்றுவதற்கு மிகச் சுவையான எடுத்துக்காட்டு நவச்சாரம். ஈயம் பூசுபவர் பாத்திரத்தைத் துலக்கப் பயன்படுத்தும் அம்மோனியம் குளோரைடு அது. சோதனைக்குழாயின் அடியில் சூடாக்கினால் உருகாமல் வெண்புகையாக எழுந்து, குழாயின் குளிர்ந்த மேற்பகுதியில் வெள்ளையாகவே படியும். திடம் வாயுவாகித் திரும்பத் திடமாகிவிட்டது போலிருக்கும். பதங்கமாதலுக்கு எடுத்துக்காட்டாகக் கற்பூரம், அந்துருண்டை, அயோடினோடு நவச்சாரத்தையும் சேர்த்துப் பல பாடநூல்கள் தருகின்றன; வினாத்தாளிலும் அப்படியே வருகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஆவி வேதியியலாளர்களுக்குத் தலைவலியாக இருந்தது. அதன் அடர்த்தி, இருக்க வேண்டியதில் ஏறத்தாழ பாதிதான் இருந்தது. ஒன்று அடர்த்தியிலிருந்து மூலக்கூறு எடையைக் கணிக்கும் முறை தவறு. அல்லது ஆவியில் இருப்பது நவச்சாரமே இல்லை. 1862-ல் லியோபோல்ட் பெபால் இதைத் தீர்த்தார். கல்நார் அடைப்பு வழியாக ஆவியைக் கசிய விட்டார். சூட்டில் நவச்சாரம் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்திருந்தால், இலேசான அம்மோனியா முந்திக்கொண்டு அடைப்பைக் கடக்க வேண்டும். ஒன்றின் எடை 17, மற்றதன் எடை 36.5. அப்படியே நடந்தது. அடைப்பைக் கடந்த வாயு லிட்மஸை நீலமாக்கியது, கடக்காமல் பின்தங்கியது சிவப்பாக்கியது. குழாயின் மேற்பகுதியில் படிவது, பிரிந்த இரண்டும் குளிர்ந்து மறுபடி கூடி உண்டான நவச்சாரம். போகும் வழியில் ஒரு வேதியியல் மாற்றம், திரும்பும் வழியில் இன்னொன்று. சோதனைக்குழாயின் நடுவில் ஈர லிட்மஸ் தாளைக் காட்டி இன்றைய மாணவரும் இதன் சாயலைப் பார்க்கலாம். ஒரே தாளில் நிறம் இருபுறமும் தடுமாறும்.

கற்பூரத்தைப் பொறுத்தவரை பாடநூல் சரி. திறந்துவைத்த கட்டி நாளுக்கு நாள் சிறுப்பதும், வாசனை அறை முழுக்கப் பரவுவதும் மூலக்கூறு சிதையாமல் நடக்கும் பதங்கமாதல். தீ வைத்தால் அதே ஆவி ஆக்சிஜனோடு கூடிக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் போகிறது. புகையில் தெரியும் கரி, முழுதாக எரியாத மிச்சம். தட்டில் எரியும் கட்டியில் இரண்டு மாற்றமும் ஒரே நேரத்தில் அடுத்தடுத்த இடங்களில் நடக்கின்றன. மெழுகுவத்தியிலும் அப்படியே: மெழுகு உருகுவது, திரியில் ஏறுவது, ஆவியாவது வரை இயற்பியல், சுடருக்குள் வேதியியல். மெழுகுவத்தி எரிதல் எந்த வகை என்று ஒரே சொல்லில் விடை கேட்பது, தெரிந்து எழுதும் மாணவரைத்தான் குழப்பும். வெண்ணெய் உருக்குவதும் இந்த வரிசையில் சேரும். நீர் ஆவியாவதும் கொழுப்பு உருகுவதும் ஒரு வகை. அடியில் கசடு சிவந்து நெய் மணக்கத் தொடங்குவது பால் புரதமும் சர்க்கரையும் வினைபுரிவதால்.

இத்தனைக்குப் பிறகும் வகைப்படுத்தச் சங்கடமான சில மாற்றங்கள் மிஞ்சுகின்றன. அவற்றில் முதலாவது பாடநூலில் மிகச் சாதாரணமாகச் சொல்லப்படும் ஒன்று: உப்பு கரைதல். தூத்துக்குடி உப்பளப் பாத்தியில் நீர் வற்றி உப்பு விளைகிறது, அந்த உப்பு தண்ணீரில் போட்டால் கரைகிறது. எனவே இயற்பியல் மாற்றம் என்று விடை எழுதி முடித்துவிடுகிறோம். ஆனால் உப்புப் படிகத்தில் சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் வலுவான அயனிப் பிணைப்பால் அடுக்கப்பட்டிருக்கின்றன. கரையும்போது அந்த அடுக்கு முழுதும் கலைந்து, ஒவ்வோர் அயனியையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. 58.5 கிராம் உப்புப் படிகத்தைத் தனித்தனி வாயு அயனிகளாக்க 787 கிலோஜூல் அளவு வேண்டும். நீர் மூலக்கூறுகள் அயனிகளைப் பற்றிக்கொள்வதால் ஏறக்குறைய அவ்வளவும் திரும்பக் கிடைத்துவிட, நிகரச் செலவு 4 கிலோஜூல் அளவாகச் சுருங்குகிறது. பிணைப்பு அறுந்ததா என்று கேட்டால் அறுந்தது. புதிய பொருள் உண்டானதா என்று கேட்டால், திடத்திலும் இருந்தவை அதே அயனிகள்தான். சர்க்கரை கரைவதில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே மூலக்கூறு முழுதாகவே கரைகிறது. ஹைட்ரஜன் குளோரைடு வாயு நீரில் கரைவதிலும் இல்லை, அங்கே மூலக்கூறு உடைந்து புதிய அயனிகள் பிறக்கின்றன. அது ஐயமின்றி வேதியியல் மாற்றம். உப்பு இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பள்ளி நிலையில் அதை இயற்பியல் மாற்றமாகக் கொள்வது ஒரு வழக்கம், அவ்வளவே.

வெந்த முட்டை இன்னொன்று. வெண்கருவின் புரதம் சுருண்டு மடிந்த நீண்ட சங்கிலி. சூட்டில் மடிப்புகளைப் பிடித்திருந்த பலவீனமான பிணைப்புகள் அவிழ்ந்து, சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கி, சில இடங்களில் கந்தக அணுக்களுக்கிடையே புதிய பிணைப்பும் உண்டாகிறது. அமினோ அமிலங்களின் தொடர் மட்டும் அறுவதில்லை. மீளா மாற்றத்துக்கு முட்டையைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2015-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்திலும் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்திலும் உள்ள ஆய்வாளர்கள், வேகவைத்த வெண்கருவிலிருந்து லைசோசைம் என்ற புரதத்தை யூரியாவில் கரைத்து, வேகமாகச் சுழலும் குழாயில் மெல்லிய படலமாக ஓடவிட்டு, சரியான மடிப்புக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். முழு முட்டையைப் பச்சை முட்டை ஆக்கிவிடவில்லை. ஒரு புரதத்தை மீட்டார்கள். அதனால் முட்டை வேகுதல் திடீரென்று இயற்பியல் மாற்றம் ஆகிவிடவும் இல்லை. மீட்க முடியுமா என்பது மீட்கத் தெரியுமா என்பதைப் பொறுத்தது; பொருளின் வகையை அது சொல்லாது.

வினாத்தாளுக்கு இவற்றிலிருந்து வருவது மிகச் சில திருத்தங்கள்தான். மீள் மாற்றம், மீளா மாற்றம் என்ற பாகுபாட்டைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், அதற்கும் பயன் உண்டு. இயற்பியல், வேதியியல் என்ற பத்திகளுக்கு எதிரே அதைப் பொருத்தச் சொல்லக் கூடாது. புதிய பொருள் உண்டானதா, அதை எதைக்கொண்டு அறியலாம் என்று இரண்டாகக் கேட்டால் சுண்ணாம்புப் பொருக்கும் எலுமிச்சைச் சாறும் விடையில் வர வழி கிடைக்கும். பதங்கமாதலுக்குரிய எடுத்துக்காட்டுகளிலிருந்து நவச்சாரத்தை எடுத்துவிட்டு, கற்பூரத்தையும் அந்துருண்டையையும் வைத்துக்கொள்ளலாம். மெழுகுவத்தியைக் கேட்பதென்றால் எந்தப் படியில் எது என்று பிரித்துக் கேட்கலாம். உப்பு கரைதலை ஒரு மதிப்பெண் வினாவாக வைக்காமல், காரணத்தோடு எழுதச் சொல்லி, எந்தப் பக்கம் எழுதினாலும் காரணம் பொருந்தினால் மதிப்பெண் தருவதே முறை.

இப்படிக்கு,
அறிவியல் கட்டுரையாளர் ஒருவர்